தொழிலும் நோயும்

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது பதிவேட்டில் எழுதும் விவரங்களுள் 'தந்தையின் தொழில்' என்பதும் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கட்டத்தை என் கையால் நிரப்பியிருக்கிறேன். உழவு, நெசவு, கொத்துவேலை, கூலி என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். எழுதிய சொல்லை மறுபடியும் ஏறிட்டுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதே வினாவை நோயாளியிடம் கேட்கவேண்டும் என்று ஒரு மருத்துவர் சொன்னதால் மருத்துவ உலகில் ஒரு புதிய துறையே தோன்றியது. மாணவச் செல்வங்களே, இன்று உங்களுக்கு நான் சொல்ல வந்தது அந்த வினாவின் வரலாற்றில் ஒரு பகுதி.

வினாவைத் தொடங்கிவைத்தவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்தினோ ராமட்சினி. மோதனா நகரில் அவர் வாழ்ந்த வீட்டின் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்ய ஒரு தொழிலாளி வந்தார். அவர் வெகு வேகமாக வேலை செய்வதைக் கண்ட ராமட்சினி, இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்டார். இந்தக் குழிக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்ற பொருள்பட அந்தத் தொழிலாளி விடை தந்தார். ராமட்சினி அவருடைய கண்களைப் பார்த்தார், சிவந்து மங்கியிருந்தன. அதன்பின் நகரத்தில் கண்ணிழந்து பிச்சையெடுத்தவர்களுள் பலர் முன்பு அதே வேலையைச் செய்தவர்கள் என்பதையும் அவர் கவனித்தார். அன்று முதல் பட்டறைகளுக்கும் சுரங்கத் தொழிலாளரிடமும் குயவரிடமும் சென்று அவர் கேட்டறிந்தவை 1700-இல் ஒரு நூலாக வெளிவந்தன. நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டும் என்று பழைய கிரேக்க மருத்துவர் வகுத்த வினாக்களோடு, 'உமது தொழில் யாது?' என்ற வினாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது அந்நூலில் அவர் கூறிய அறிவுரை.

அறிவுரை சொல்வது ஒன்று. அதைப் பின்பற்றி ஒரு மாநிலம் முழுவதும் தெருத்தெருவாகச் சென்று கேட்பது வேறொன்று. இரண்டாவதைச் செய்தவர் ஓர் அம்மையார். ஆலிஸ் ஹாமில்டன் என்பது அவர் பெயர். 1869-இல் நியூயார்க் நகரில் பிறந்து, இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேயின் நகரில் வளர்ந்தார். இளமையில் பள்ளிக்கூடம் செல்லாமல் வீட்டிலேயே படித்தவர் என்பதை ஒரு பள்ளி ஆசிரியன் என்ற முறையில் சிறிது வருத்தத்தோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது. 1893-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குச் சென்றபோது, பிறர் கண்ணில் படாமல் இருந்துகொள்வதானால் வகுப்பில் அமரலாம் என்ற நிபந்தனையோடுதான் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் அவருக்கு இடம் கொடுத்தன.

1897-இல் சிகாகோவுக்கு வந்த ஹாமில்டன் ஹல் இல்லத்தில் குடியேறினார். ஜேன் ஆடம்ஸ் என்னும் பெருமாட்டி தம் தோழியுடன் சேர்ந்து 1889-இல் அந்நகரின் ஏழைக் குடியிருப்பின் நடுவே தொடங்கிய சேவை இல்லம் அது. சுற்றிலும் வாழ்ந்தவர்கள் இத்தாலி, போலந்து, ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்கள் பேசும் ஆங்கிலம் அரைகுறை. செய்யும் வேலையோ எவரும் விரும்பாத வேலை. பகலில் கல்லூரியில் நோய்க்குறியியல் கற்பித்த ஹாமில்டன், மற்ற நேரங்களில் அந்த வீடுகளுக்குள் சென்று வந்தார்.

இங்கே அவர் செய்த ஒரு பிழையைச் சொல்லியாகவேண்டும். 1902-இல் சிகாகோவில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. ஹல் இல்லத்தின் சுற்றுப்புறத்தில் அது மிகக் கடுமையாக இருந்தது. திறந்த கழிப்பிடங்களிலிருந்து ஈக்கள் நோயைக் கொண்டுவருகின்றன என்று எண்ணிய ஹாமில்டன், ஈக்களைப் பிடித்துச் சோதித்துக் கட்டுரை எழுதினார். பெயரும் புகழும் வந்தன; சுகாதாரத் துறையே சீர்திருத்தப்பட்டது. பின்னால்தான் உண்மை தெரிந்தது. குடிநீர் நிலையத்தில் ஏற்பட்ட உடைப்பினால் மூன்று நாள்கள் சாக்கடை நீர் குழாய்களில் கலந்திருக்கிறது. அதிகாரிகள் அதை மறைத்துவிட்டார்கள். ஈக்களுக்கு அதில் பங்கு மிகச் சிறிது, அல்லது இல்லவே இல்லை. தாம் பெற்ற புகழ் ஒரு தவறான முடிவுக்குக் கிடைத்தது என்பதை 1943-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தேர்வுத் தாளில் ஒரு மதிப்பெண் கூடுதலாக விழுந்தால் அதை ஆசிரியரிடம் வந்து சொல்லும் மாணவர் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். ஆகவேதான் இதை வியந்து சொல்கிறேன்.

இனி, காரீயத்துக்கு வருவோம். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதுவன்று நான் சொல்வது. காரீயம் வேறு உலோகம். உடலுக்குள் சென்றால் நஞ்சு. வயிற்றைப் பிசையும் வலி, சோகை, ஈறுகளின் ஓரத்தில் நீலக்கோடு, பிறகு மணிக்கட்டு நிமிராமல் கை தொங்கிப்போதல், சிலருக்கு மூளைக் கோளாறு, இறுதியில் சாவு. அக்காலத்தில் வீடுகளுக்குப் பூசும் வெள்ளைச் சாயத்துக்கு மூலப்பொருள் காரீயத்திலிருந்து செய்த ஈய வெள்ளையே. அதைச் செய்யும் பழைய முறை இது: காரீயத் துண்டுகளைப் புளிக்காடி ஊற்றிய மண்கலங்களின்மேல் வைத்து, தோல் பதனிடப் பயன்பட்ட மரப்பட்டையால் மூடி, அறைக்குள் அடுக்கடுக்காக நிரப்பி மாதக்கணக்கில் விட்டுவைப்பார்கள். காரீயம் மெல்ல அரிக்கப்பட்டு வெண்ணிறப் பொடியாக மாறும். பிறகு ஆட்கள் உள்ளே சென்று அந்தப் பொடியைப் பிரித்து வாரவேண்டும். அதை அரைப்பது, உலர்த்துவது, பீப்பாயில் அடைப்பது என்று ஒவ்வொரு படியிலும் தூசி பறக்கும்.

பிரிட்டனில் 1895 முதலே காரீய நஞ்சு கண்டவரைப் பற்றி அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்று விதி இருந்தது. 1898-இல் தொழிற்சாலைகளுக்கென முதல் மருத்துவ ஆய்வாளராக தாமஸ் லெக் நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் இவையொன்றும் இல்லை. அறிவிக்கும் விதி இல்லாததனால் நோயாளிகளின் எண்ணிக்கையும் இல்லை. எண்ணிக்கை இல்லாததனால், எங்கள் தொழிற்சாலைகள் ஐரோப்பியத் தொழிற்சாலைகளைவிடச் சிறந்தவை, இங்கே நோயே கிடையாது என்று பலர் நம்பினார்கள். எண்ணாதவன் வீட்டில் கடன் இல்லை என்பது போன்ற நம்பிக்கைதான்.

1908-இல் இல்லினாய் மாநில ஆளுநர் சார்ல்ஸ் டினீன் தொழில்நோய்களை ஆராய ஒரு குழுவை அமைத்தார். 1910-இல் அதன் ஆய்வை நடத்தும் பொறுப்பு ஹாமில்டனிடம் வந்தது. இளம் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் சமூகப் பணியாளர்களுமாக ஒரு சிறு படை அவருக்குத் துணைநின்றது. காரீயத்தைத் தாமே எடுத்துக்கொண்டார்.

எங்கே தொடங்குவது? எந்தெந்தத் தொழிலில் காரீயம் பயன்படுகிறது என்பதற்கே பட்டியல் கிடையாது. ஆகவே அவர் தலைகீழாகத் தொடங்கினார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி, காரீய நோய் என்று குறித்த பெயர்களைத் திரட்டினார். பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் 'கூலி' என்று மட்டுமே இருந்தது. என் பதிவேட்டை நினைத்துக்கொண்டேன். ஆகவே ஆளைத் தேடி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. மருந்துக்கடைக்காரர், பாதிரியார், தொழிற்சங்கத் தலைவர் என்று அந்தக் குடியிருப்பை அறிந்த எல்லோரையும் அவர் விசாரித்தார். அங்ஙனம் தேடியபோது எவரும் எதிர்பாராத இடங்களில் எல்லாம் காரீயம் வெளிப்பட்டது: பட்டை தீட்டிய கண்ணாடிக்கு மெருகேற்றும் வேலையில், சரக்கு ரயில் பெட்டிகளுக்கு இடும் முத்திரையில், சவப்பெட்டியின் அலங்காரத்தில், சுருட்டைச் சுற்றும் தகட்டில். எழுபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைகள் அவர் பட்டியலில் சேர்ந்தன.

குளியல் தொட்டிக் கதை இவற்றுள் என் நெஞ்சில் நின்றது. கை தொங்கிப்போன ஒரு போலந்துத் தொழிலாளி மருத்துவமனையில் கிடந்தார். குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசுபவர். அவருடைய தொழிற்சாலைக்கு ஹாமில்டன் சென்றார். மேலாளர் மறுக்கவில்லை, அழைத்துச் சென்று காட்டினார். வேலை நடந்த இடம் தூய்மையாக இருந்தது. காரீயம் என்பதே அங்கில்லை. ஹாமில்டன் குழம்பினார். அவர் பார்த்தது இறுதியில் மெருகிடும் கூடம் மட்டுமே என்பது பிறகு தெரியவந்தது. உண்மையான வேலை வேறிடத்தில் நடந்தது. உலையிலிருந்து செக்கச் செவேலென்று வெளியே வரும் இரும்புத் தொட்டியின்மேல், நீண்ட காம்புடைய சல்லடையால் எனாமல் பொடியைத் தூவுவார்கள். அனலில் மூச்சு வாங்க உழைப்பவன் அந்தப் பொடியை நெஞ்சு நிறைய இழுப்பான். அந்தப் பொடியைப் பெற்றுச் சோதித்தபோது, கரையக்கூடிய காரீயம் நூற்றுக்கு இருபது பங்கு வரை இருந்தது. மேலாளர் பொய் சொல்லவில்லை. காட்டிய அறையில் காரீயம் இல்லைதான்!

இப்போது வழக்கின் மையத்துக்கு வருகிறேன். நோயுற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கமுடியாத இடங்களில் முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும் தொழிற்சாலை மருத்துவர்களும் ஒரே விடையைச் சொன்னார்கள்: 'இவர்கள் கை கழுவுவதில்லை. நகத்தில் சாயத்தோடு ரொட்டியைத் தின்கிறார்கள். பிறகு நோய் வராமல் என்ன செய்யும்?' கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நஞ்சு வாய் வழியாகச் செல்கிறது, வாய்க்குக் கொண்டுபோவது கை, கை தொழிலாளியுடையது, ஆகவே குற்றமும் தொழிலாளியுடையது. இந்த வாதத்தில் தூசிக்கு இடமே இல்லை.

இந்த இடத்தில் என் சொந்த வெட்கக்கேடு ஒன்றைச் சொல்ல அனுமதிக்கவேண்டும். 2003-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். மாணவர்களின் உடல்நலப் பழக்கங்களைப் பற்றிய வினாப்படிவம் ஒன்று வந்தது. 'உணவுக்கு முன் கை கழுவுகிறாயா?' என்பது அதில் ஒரு வினா. வகுப்புவகுப்பாகச் சென்று நானே கேட்டேன். ஒருவர் விடாமல் 'ஆம் ஐயா' என்றார்கள். மகிழ்ச்சியோடு நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கையொப்பமிட்டேன். படிவத்தை அனுப்பிய மறுநாள், சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மையார் நான் பெருமையடித்துக்கொண்டதைக் கேட்டுவிட்டு, "ஐயா, குழாயிலே பதினொரு மணிக்கு மேலே தண்ணி வர்றதில்லையே, பிள்ளைங்க எதிலே கழுவுதுங்க?" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. ஆசிரியப் பயிற்சியில் வினாக் கேட்கும் கலை என்று ஒரு பாடமே படித்தவன் நான். பிரம்பு பிடித்த கையோடு நின்று கேட்டால் எந்தப் பிள்ளை 'இல்லை' என்று சொல்லும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அதைவிடக் கேடு, குழாயைப் பற்றிய வினா அந்தப் படிவத்திலேயே இல்லை, நானும் கேட்கவில்லை. 'இல்லை' என்று உண்மை சொல்லியிருந்தால் பிள்ளைகளின் பழக்கம் சரியில்லை என்று எழுதி முடித்திருப்பேன்.

ஹாமில்டனின் ஆய்வு சிறந்தது ஏன் என்று அதன் பிறகே எனக்கு விளங்கியது. மேற்பார்வையாளர் அருகில் நிற்கும் தொழிற்கூடத்தில் கேட்டதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தொழிலாளியின் வீட்டில், மனைவியும் பிள்ளைகளும் சூழ இருக்கும்போது கேட்டார். வேலையை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அங்கே சிறிது தணியும். அடுத்து, ஒருவன் கை கழுவுகிறானா என்று கேட்கும் முன், வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு தூசி பறக்கிறது, எங்கிருந்து பறக்கிறது, கழுவுவதற்குச் சுடுநீரும் சோப்பும் இருக்கின்றனவா, உண்பதற்குத் தனியிடம் இருக்கிறதா என்று பார்த்தார். கழுவுவது வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் கையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும், மூச்சோடு உள்ளே போன பொடியைக் கழுவமுடியாது. தாமஸ் லெக்கும் தம் பட்டறிவால் இதே முடிவுக்கு வந்திருந்தார்: முதலாளி தம்மால் ஆனவற்றையெல்லாம் செய்து முடிக்கும் வரை, தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ள ஏறக்குறைய ஒன்றும் செய்யமுடியாது என்பது அவர் கருத்து.

தொழிற்சாலைக்குள் மட்டும் பார்ப்பவர்களை ஏமாற்றும் வேறொரு சூழ்ச்சியும் உண்டு. அதை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. நோயுற்றவன் வேலையை விட்டுப் போய்விடுவான். அவன் இடத்தில் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய திடகாத்திரமான ஓர் இளைஞன் நிற்பான். எந்த நாளில் சென்று பார்த்தாலும் தொழிற்சாலையில் இருப்பவர்கள் நலமாகத்தான் தோன்றுவார்கள். நோயாளிகளைக் காண மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் கல்லறைக்கும் போகவேண்டும். இன்றும் தொழில்நோய் ஆய்வாளர்கள் இந்த மயக்கத்துக்கு எதிராக எச்சரிக்கையாக இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பெரிய காரீய நிறுவனமான நேஷனல் லெட் கம்பெனியின் துணைத் தலைவர் எட்வர்ட் கார்னிஷை ஹாமில்டன் நேரில் சந்தித்தார். உங்கள் ஆட்கள் நஞ்சை மூச்சில் இழுக்கிறார்கள் என்றார். கார்னிஷுக்குச் சினம் வந்தது, நம்பவுமில்லை. ஆயினும், மெய்ப்பித்துக் காட்டினால் நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்றார். ஹாமில்டன் திரும்பிவந்தபோது, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாக நோயுற்ற 22 பேரின் விவரம் அவர் கையில் இருந்தது. கார்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசியையும் ஆவியையும் அடக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. தொழிலாளரைச் சோதிக்க மருத்துவர்கள் அமர்த்தப்பட்டார்கள். முதலாளிகள் எல்லோரும் கொடியவர்கள் என்று எண்ணிக்கொண்டு இந்த வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இந்த மனிதர் ஓர் இடையூறு. அவருக்கு யாரும் எண்ணிக் காட்டவில்லை என்பதே உண்மை. எண்ணிக் காட்டிய பின்னும் அசையாதவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை.

இல்லினாய் ஆய்வில் உறுதிசெய்யப்பட்ட காரீய நோயாளிகள் 578 பேர். அறிக்கை 1911-இன் தொடக்கத்தில் வெளிவந்தது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் தொழில்நோய்ச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆபத்தான தொழில்களில் பாதுகாப்பு ஏற்பாடுகளும் மாதந்தோறும் மருத்துவச் சோதனையும் கட்டாயமாயின. பின்னர் மத்திய அரசின் தொழிலாளர் துறை, நாடு முழுவதும் இதே ஆய்வைச் செய்யுமாறு ஹாமில்டனைக் கேட்டுக்கொண்டது. எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் நுழைவதற்குச் சட்டப்படியான உரிமை அவருக்கு இல்லை. மாதச் சம்பளமும் இல்லை, அறிக்கை எழுதி முடித்தால் அதற்கு விலை. வாயிற்கதவைத் தட்டி இனிய சொல்லால் உள்ளே போனவர் அவர். முதல் உலகப் போரின்போது வெடிமருந்துச் சாலைகள் இருக்குமிடமே மறைபொருளாக இருந்தது. வானில் எழும் மஞ்சள் புகையைப் பார்த்தும், முகமும் கையும் மஞ்சளித்த தொழிலாளரைத் தெருவில் கண்டு பின்தொடர்ந்தும் அவற்றைக் கண்டுபிடித்தார்.

1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக அமர்த்தியது. அங்கே ஆசிரியப் பணிக்கு வந்த முதல் பெண் அவரே. ஆசிரியர் மனமகிழ் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்தாட்ட நுழைவுச்சீட்டு கேட்கக்கூடாது என்று மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1935-இல் ஓய்வு பெறும்போதும் உதவிப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். பிறகும் நெடுநாள் வாழ்ந்து, 1970-இல் தம் 101-ஆம் வயதில் மறைந்தார்.

எல்லா ஆய்வும் இல்லினாய் ஆய்வைப் போல முடிவதில்லை. 1920-களில் மோட்டார் வண்டிகளின் எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் ஒன்றைக் கலக்கத் தொடங்கினார்கள். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்து ஆலையொன்றில் அதைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் மூளை கலங்கி மாண்டனர். 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு ஒரு மாநாட்டைக் கூட்டியது. காரீயத்தைத் தெருவெங்கும் தூவப்போகிறீர்கள் என்று ஹாமில்டன் அங்கே எதிர்த்துப் பேசினார். விற்பனை நிறுத்தப்பட்டது, ஆராய்ந்து சொல்ல ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவினர் ஒஹையோ மாநிலத்தில் வண்டியோட்டிகளும் பழுதுபார்க்கும் கூடங்களில் வேலை செய்தவர்களுமாக 252 பேரைச் சோதித்தார்கள். கொடுக்கப்பட்ட காலம் சில மாதங்களே. நோய் கண்டவர் எவரும் இல்லை. ஆகவே தடைசெய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926 ஜனவரியில் எழுதினார்கள். நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதைத் தொடர்ந்து ஆராயவேண்டும் என்றும் அதே அறிக்கையில் எழுதியிருந்தார்கள். முதல் வரியை எல்லோரும் படித்தார்கள். விற்பனை மீண்டும் தொடங்கியது. இரண்டாவது வரியின்படி அரசு செய்யவேண்டிய ஆய்வை, காரீயத்தை விற்றவர்களே பல்லாண்டுக் காலம் தங்கள் செலவில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அதை விற்ற நாடு அல்ஜீரியா. அங்கே 2021 ஜூலையில் விற்பனை முடிந்தது. ஒஹையோவில் சோதிக்கப்பட்ட அந்த 252 பேருள் ஒருவரும் அதைக் காண உயிரோடு இருந்திருக்க வழியில்லை.